எட்டுக்கால் தாசில்தார்

நெய்னாதுறையில் யாரும் முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. கத்தரிக்காயானாலும் சரி, கப்பல் பாகமானாலும் சரி, சொன்னவன் ஏற்றித்தான் சொல்லியிருப்பான், கேட்டவன் இறக்கித்தான் கேட்பான். கடலிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது என்று நினைத்திருந்தோம். ஆனால் கடலோடு பேசி, தனக்கு எதுவரை என்று முடிவு செய்துகொண்டு, அந்த எல்லையிலேயே குடித்தனம் நடத்தும் ஒரு கூட்டம் எங்கள் கரையிலேயே இருந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஆளுக்கு எட்டுக் கால்.

கடற்சிலந்தி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். சுண்டுவிரல் நகத்தளவு உடம்பு. முன்பக்கம் புளியங்கொட்டை நிறம், பின்பக்கம் சாம்பல், முகத்துக்குப் பொருந்தாத பெரிய தாடை. ராத்திரியில் தண்ணீர் வற்றினால் வெளியே வந்து பாறையில் சின்னச் சின்ன பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் முருகைக்கல் என்கிற பவளப்பாறைப் பொந்துக்குள் ஓடிப்போய், வாசலில் வெள்ளை நூலால் கெட்டியாக ஒரு கதவு நெய்து அடைத்துக்கொள்ளும். மேலே கடல் நிற்கும். உள்ளே ஒரு கை காற்றோடு அது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். எட்டுக் கால் இருப்பதால் நாலு ஜோடியாகப் போடலாம்.

கரையோர வாரியத்தின் கருவிகளைக் கடல் இரண்டு தடவை ஏமாற்றியது. மிதவை ஒன்று சொன்னது, செயற்கைக்கோள் ஒன்று சொன்னது, தண்ணீர் மூன்றாவது ஒன்றைச் செய்தது. இரண்டு தடவையும் எட்டு மாதம் முன்பே சிலந்திகள் கதவுகளை மேலே மாற்றிவிட்டிருந்தன. மாற்றிய இடத்தில்தான் தண்ணீர் வந்து நின்றது. அதற்குப் பிறகு சட்டம் வந்தது. எந்த வீட்டுச் சுவரில் பத்துக்குக் குறையாமல் சிலந்திக் கதவு அடைத்திருக்கிறதோ அந்த வீடு கடலுக்கு என்று அர்த்தம். வாரியம் அந்த வீட்டை எடுத்துக்கொண்டு, உள்ளே தள்ளி ஒரு மனையும் வீடும் பெண் பெயரில் கொடுக்கும். வருடம் ஒரு முறை எண்ணிக்கை. ஊரில் சிலந்திக்கு வைத்த பெயர் எட்டுக்கால் தாசில்தார்.

இந்த வருடம் அந்தத் தாசில்தார் என் அக்கா சுலைகா லாத்தாவின் வீட்டுக்கு வராமல் நின்றுவிட்டார். ஒரு முழம். பின்வாசல் படிக்கு ஒரு முழம் கீழே.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். லாத்தாவின் மகள் ருகையாவுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று, ஆறாம் தெரு மாமு நெய்னா காக்காவின் மகன். வயதில் மூத்தவர் எங்களுக்குக் காக்கா. மாமு நெய்னா காக்கா வீடு பார்க்க வந்தார். எங்கள் ஊரில் தெருக்களுக்குக் கடலிலிருந்துதான் எண். இது முதல் தெருவின் கடைசி வீடு, பின்சுவரைத் தாண்டினால் கடல். சுவரை ஒரு விரலால் தொட்டார். விரலோடு அரைப்பிடி மணல் வந்தது. டீயை முழுதாகக் குடித்தார். எங்கள் ஊரில் டீயை முழுதாகக் குடித்தால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

"புள்ள தங்கம். வீடுதான் பிஸ்கோத்து" என்றார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "வேற வீடு அமைஞ்சா சொல்லி அனுப்புங்க மொகுதூம். ரெண்டு மாசம் பாக்கலாம்."

மொகுதூம் என்பது நான். தொழில், தரகு. நிலம், பழைய படகு, சோலார் தகடு, எது கைமாறினாலும் நடுவில் நான் நிற்பேன். என் வாப்பா காலத்தில் ரத்தினக்கல் வியாபாரம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, தோள் துண்டைக் கைகளின்மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். ஒரு விரல் ஒன்று, முழுக் கை ஐந்து. வெளியே வாய் மழையைப் பற்றியும் பிரியாணியைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். கல் போய்விட்டது, துண்டு போகவில்லை. இன்றைக்கும் நெய்னாதுறையில் வாயால் சொல்லும் விலை வெளியூர்க்காரனுக்கு. துண்டுக்குள் சொல்வதுதான் விலை. அதையும் கேட்டவன் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டான். பத்து என்று அழுத்தினால் ஆறு என்று மனசுக்குள் குறித்துக்கொள்வான்.

எண்ணிக்கைக்கு வாரியம் அனுப்பியவர் டாக்டர் ஜெசிந்தா மச்சாது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், நாற்பது வயது இருக்கும், வெயிலில் கறுத்த கை. சிலந்திக்குப் படித்து டாக்டர் ஆனவர். லாத்தாவின் பின்சுவரடியில் குந்தியிருந்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன்.

"கோடு எங்க நிக்குது டாக்டரம்மா?"

"படிக்குக் கீழ ஒரு முழம் அண்ணாச்சி."

"யாரு முழம்?"

நிமிர்ந்து பார்த்தார். "என் முழம்."

"உங்க கை குட்டை. என் கையால அளந்தா முக்கால் முழம்தான் வரும்."

"யானை தும்பிக்கையால அளந்தாலும் படிக்குக் கீழதான் வரும் அண்ணாச்சி. கடைசி எண்ணிக்கை சனிக்கிழமை காலையில. அதுக்குள்ள அதுவா ஏறுனா உண்டு."

கோரிக்கை போணியாகவில்லை. ஆனால் ஆள் பேசக்கூடியவர் என்று தெரிந்தது. பக்கத்தில் ஒரு கல்லைத் தட்டி உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா? தண்ணி எதுவரைக்கும் வரும்னு அதுக்கு எப்படித் தெரியுது? படிப்பா, பட்டமா?"

அவருக்கு முகம் மலர்ந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "இங்க பாருங்க, கதவுக்கு வெளிய ரெண்டு நூலைப் பாறையில இழுத்துக் கட்டியிருக்கா? தூரக் கடல்ல நீளமா ஒரு அசைவு வரும். நம்ம காதுக்கு எட்டாது. கருவிக்கு இரைச்சல்ல தப்பிரும். பாறை அதிரும், நூல் அதிரும், இது கால வச்சுக் கேட்டுக்கிட்டே கிடக்கும். மாசக்கணக்காக் கேக்கும். கேட்டு, ஒரு முடிவுக்கு வந்து, எடத்த மாத்தும். எப்படி முடிவுக்கு வருதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. பதிமூணு வருசமா அதத்தான் இதுககிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"அப்ப தொட்டுப் பாத்தே விலை தெரிஞ்சுக்குது."

"ஆமா. ஒங்க துண்டு மாதிரி."

எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்குத் துண்டு விஷயம் தெரியாது என்று நாங்களாக நினைத்துக்கொள்கிறோம்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார். "நூல் முதல்ல போகும், கதவு பின்னால போகும். வயசான பெட்டை ஒண்ணு ரெண்டு ரொம்ப தூரம் மேல போய், வெறும் நூலை மட்டும் கட்டிக் கேட்டுட்டுத் திரும்பிரும். நூல் கட்டுன எடத்துக்கு மூணு வருசத்துல கதவு வந்துரும். இதுவரைக்கும் தப்புனதில்ல."

"அட்வான்ஸ் போட்டு வைக்குது."

"அதேதான்."

"அப்ப நூல் இப்ப எதுவரைக்கும் போயிருக்கு?"

மறுபடி சாக்பீஸை எடுத்துக்கொண்டார். "வாரியம் வெளிய சொல்லச் சொன்னது கதவை மட்டும். நூல் விசயத்த வாயால சொல்லக் கூடாது, எழுதித் தரக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காவ. ஊரு கலவரமாயிருமாம்."

நான் அந்தப் பேச்சை அங்கேயே விட்டேன். எனக்கு வேண்டியது ஒரு முழம்.

"யாராவது ஒரு கிறுக்கன் இத எடுத்து மேல வச்சா?"

"மூணு ஏத்தம் பொறுத்துப் பாக்கும். தண்ணி வர்ற எடமில்லன்னு தெரிஞ்சா தன் பழைய எடத்துக்கு எறங்கிரும். ஏன் கேக்கீங்க?"

"சும்மா. தெரிஞ்சு வச்சுக்கலாம்னு."

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து சனிக்கிழமை காலைக்குள் இரண்டு ஏற்றம்தான். மூன்றாவதுக்கு முன்னால் எண்ணிக்கை முடிந்துவிடும். இதைக் கணக்குப் போடத் தரகனாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு வற்றம். அதே நேரம் ஜும்ஆ தொழுகை. ஊர் ஆண்கள் மொத்தமும் பள்ளிவாசலில். வருடத்தில் ஐம்பத்திரண்டு நாள், அந்த முக்கால் மணி நேரம் நெய்னாதுறைக் கரையில் காக்கையைத் தவிர ஆண்பிள்ளை கிடையாது. கப்பல்பாறை என்று ஒரு பெரிய முருகைக்கல் திட்டு கரையோடு ஒட்டிக் கிடக்கிறது. நான் மூன்றடுக்குத் தூக்குவாளியும் சிறிய உளியும் எடுத்துக்கொண்டு அதில் ஏறினேன். அடைத்த கதவோடு கல்லைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்து, ஈரத்துணி விரித்து, அடுக்கடுக்காக வைத்தேன். மேல் தட்டில் ஐந்து, நடுத்தட்டில் ஆறு, கீழ்த்தட்டில் ஆறு. ஒரு கதவு கிழிந்து உள்ளிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. அந்தத் தாடையைப் பார்த்ததும் ஜும்ஆவுக்குப் போயிருக்கலாமே என்று தோன்றியது.

லாத்தா வீட்டுப் பின்படியில் அவற்றை ஒவ்வொன்றாகப் பொந்து பார்த்துச் செருகிக்கொண்டிருந்தபோது மேலே ஜன்னல் திறந்தது.

"மாமா, ஜும்ஆவுக்குப் போகல்லையா?" ருகையா.

"முட்டிக்கால் வலி."

"முட்டிக்கால் வலிக்கு உளியா வச்சிருக்கிங்க?"

"சத்தம் போடாத. உங்க உம்மா எங்க?"

"குசினியில." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது எங்க வீட்டுத் தூக்குவாளிதானே. நாளைக்கு அதுலதான் எனக்குக் காலேஜுக்குச் சோறு."

"கழுவித் தாரேன்."

"வேணாம், நீங்களே வச்சுக்கங்க." ஜன்னல் மூடியது. மறுபடி திறந்தது. "மாமா, கைப்பிடிக்குக் கீழ ஒரு பொந்து சும்மா கிடக்கு."

சனிக்கிழமை காலையில் வாரியத்திலிருந்து ஒரு அதிகாரியும் டாக்டரம்மாவும் வந்தார்கள். லாத்தா பின்வாசலில், நான் லாத்தாவுக்குப் பின்னால். டாக்டரம்மா படியருகே குந்தி ஊசிமுனை விளக்கை அடித்து எண்ணத் தொடங்கினார். பதினைந்து, பதினாறு, பதினேழு. நான் மூச்சை விட்டேன். அவர் நிறுத்தவில்லை. பதினெட்டு, பத்தொன்பது. முப்பதையும் தாண்டினார். நாற்பத்தொன்றில் நிறுத்தினார்.

நான் மெல்ல ஜன்னலில் நின்ற ருகையாவைப் பார்த்தேன். அடப் பாவி, எனக்குப் பிறகு நீயும் வாளியைத் தூக்கினாயா என்று கேட்கும் பார்வை. அவளும் அதே பார்வையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி லாத்தாவிடம் தாளில் கைநாட்டு வேண்டுமா கையெழுத்தா என்று கேட்டார். லாத்தா, "நான் எம்.ஏ. வரலாறு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மனை எங்கே என்று பத்து நாளைக்குள் சொல்ல வேண்டும். இரண்டு இடம் இருந்தது. ஒன்பதாம் தெருவுக்குப் பின்னால், புதுப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒன்று. அதற்கு அடிபிடி. இன்னொன்று ரயில் தண்டவாளத்துக்கு அப்பால், பழைய உப்பள மேட்டில். அங்கே நாய்கூடப் போய்ப் படுக்காது என்பது ஊர்ப் பேச்சு.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பழைய ஐஸ் கிடங்கில் அவருடைய ஆய்வகம். வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், தண்ணீர் தானாக ஏறி தானாக வற்றிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளினார்.

"கப்பல்பாறை சிலந்திக்கெல்லாம் முதுகுல பச்சைப் புள்ளி வச்சிருக்கேன் அண்ணாச்சி. நகப்பாலிஷ். ஒங்க அக்கா வீட்டுப் படியில பச்சைப் புள்ளி பதினேழு."

நான் தரகன். பொய் சொல்ல வேண்டிய இடமும் தெரியும், சொல்லக் கூடாத இடமும் தெரியும். "தூக்குவாளிய இன்னும் கழுவல டாக்டரம்மா" என்றேன்.

"ஜும்ஆ நேரத்துலயா?"

"ஆமா."

அவர் சிரிக்கவில்லை. "நான் அன்னைக்கே சொல்லியிருப்பேன். ஏன் சொல்லல்லன்னு கேளுங்க."

"ஏன்?"

"நீங்க வச்சது பதினேழு. நான் எண்ணுனது நாப்பத்தொண்ணு."

"மீதி என் மருமவ வேலை. வாலு."

"மீதி இருபத்துநாலுல பாதிக்கு நீலப் புள்ளி. நீலம் வச்சது வெளித் திட்டுல, படகுலதான் போகணும். ஒங்க மருமவளுக்குப் படகு ஓட்டத் தெரியுமா?"

தெரியாது. தொட்டியில் தண்ணீர் வற்றும் சத்தம் கேட்டது.

"அதுகளா வந்ததா?"

"ஒரே ராத்திரியில, கூட்டமா. நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

"அப்ப நான் தூக்கி வைக்கல்லன்னாலும் லாத்தாவுக்கு வீடு கெடச்சிருக்கும்."

"ஒங்க பதினேழை அடிச்சுட்டுத்தான் தாளை அனுப்புனேன். இருபத்துநாலு. சட்டத்துக்குப் பத்தே போதும்."

"ஜும்ஆ போச்சே" என்றேன். வேறென்ன சொல்வது.

"அது மட்டுமில்ல." தொட்டியின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு பேசினார். "நீங்க வச்ச பதினேழு. மூணு ஏத்தத்துல எறங்கிரும்னு சொன்னேன்லா. இன்னைக்கு ஒன்பது நாளாச்சு. ஒண்ணுகூட எறங்கல."

திருட்டுச் சரக்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தால், அது நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொன்னதுபோல இருந்தது எனக்கு.

"லாத்தா நாளைக்கு மனை சொல்லணும்" என்றேன். "ஒன்பதாம் தெருவா, உப்பள மேடா?"

அவர் என் தோளைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். மறுபடி என் தோள். கல் வியாபாரி வீட்டில் பிறந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். வாயால் சொல்லக் கூடாது, எழுத்தில் தரக் கூடாது என்றுதானே கையெழுத்து? விரலைப் பற்றி வாரியம் யோசித்திருக்காது.

அந்நியப் பெண்ணின் கையைத் துண்டுக்குள் பிடிப்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது. நான் மேஜைமேல் கையை விரித்து வைத்து அதன்மேல் துண்டைப் போட்டேன். அவர் துணிக்கு மேலிருந்தே அழுத்தினார். என் வாய், பழக்கதோஷம், இந்த வருடம் நெத்திலி வரத்து எப்படி என்று பேச ஆரம்பித்துவிட்டது. முழுக் கை. மறுபடி முழுக் கை. பிறகு ஒரே ஒரு விரல்.

பதினொன்று. நூல் பதினோராம் தெருவரை. சரி, ஏழு என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் வாய் திறக்கவில்லை. ஆனாலும் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொறைக்காதீங்க அண்ணாச்சி."

சரக்கைப் பார்க்காமல் விலையை நம்புகிறவன் எங்கள் ஊரில் இல்லை. அங்கிருந்து நேராகப் பதினோராம் தெருவுக்குப் போனேன். அங்கே ஓடைக்கு மேல் ஒரு சின்னப் பாலம். அதன் அடிக்கல் முருகைக்கல். குனிந்து பார்த்தேன். ஓடையில் பிளாஸ்டிக் குப்பை, ஒரு ஒற்றைச் செருப்பு, இரண்டு கற்களுக்கு இடையே ஒரு நூல். வேறு எந்தச் சிலந்தியும் அப்படிக் கட்டாது. வலை இல்லை, பூச்சி பிடிக்கும் தோது இல்லை, இழுத்துக் கட்டிய ஒற்றை நூல். கடல் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. பின்னால் ஒருவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். நான் விரல் நுனியை நூலில் வைத்தேன். ஸ்கூட்டர் போன பிறகும் நூல் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே குந்தியிருந்தேன் என்று தெரியவில்லை. பாலத்து மேலிருந்து ஒரு பெண், "என்ன காக்கா, எதையாவது தொலச்சிட்டிங்களா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

அன்று சாயங்காலம் லாத்தாவின் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டேன்.

"என்னடா இது, நான் என்ன மாடா, மரகதமா?"

"பேசாம இரு லாத்தா."

கோடு எத்தனை தெரு ஏறும் என்று அழுத்தினேன். அவளுக்கு இந்த ஊரில் இவ்வளவு வயதுக்கு அதுதான் முதல் துண்டு. விரல் விட்டு எண்ணி, "பதினொண்ணா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். நான் தலையசைத்தேன். அவள் குறைக்கவில்லை. குறைக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. பின்சுவரைப் பார்த்துவிட்டு, "அப்ப மாமு நெய்னா காக்கா வீடு ஆறாம் தெருவுலல்ல இருக்கு" என்றாள்.

மறுநாள் அவள் உப்பள மேட்டைக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். அதிகாரியே இரண்டு தடவை கேட்டாராம், நல்லா யோசிச்சீங்களா என்று.

மாமு நெய்னா காக்கா வீட்டிலிருந்து அன்றைக்கே ஆள் வந்தது. எங்க புள்ளை உப்பு வாரப் போற பரம்பரை இல்லை, ஒன்பதாம் தெருவுக்கு மாத்தினால் பேசலாம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ருகையா அன்று கல்லூரிக்குப் போகவில்லை. மாடியில் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லாத்தா என்னிடம் கத்தியிருந்தால் தேவலை. "நீ சொன்னத நம்பி எழுதிக் குடுத்தேன் தம்பி" என்றாள், அவ்வளவுதான்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். நெருக்கமான இரண்டு பேரைப் பிடித்துத் துண்டுக்குள் பதினொன்று என்று அழுத்தினேன். இது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் துண்டுக்குள் போன சங்கதி மாமு நெய்னா காக்காவைத் தொடாமல் ஊரைக் கடக்காது. அவராகவே வருவார் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் அசர் தொழுகை முடிந்து அவரே கூப்பிட்டார். பள்ளிவாசல் முனை டீக்கடை. அவரையும் கடைக்காரரையும் என்னையும் சேர்த்து ஆறு பேர். எதிரே உட்கார வைத்து, டீ சொல்லி, துண்டைப் போட்டு என் கையைப் பிடித்தார்.

"இந்த வருசம் பாகிஸ்தான் பக்கம் நல்ல மழையாமே மொகுதூம்" என்றது வாய். உள்ளே இரண்டு விரலை அழுத்தினார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடுது" என்றார். "கோடு இத்தனை தெரு ஏறும்னு. எனக்கு வந்தது இது. என் கணக்குல இதுவே ஜாஸ்தி, ஒண்ணரை வச்சுக்கலாம். இதுக்குப் பயந்து எம் மவனை உப்பளத்துல குடி வைக்கணுமா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் பதினொன்று கொடுத்தேன். வாங்கியவன் ஏழாக்கி அடுத்தவனுக்குக் கொடுத்திருக்கிறான். அவன் ஐந்து. அவனுக்கு அடுத்தவன் மூன்று. யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஒவ்வொருவரும் நல்ல வியாபாரியாக நடந்துகொண்டிருக்கிறார்கள். கடல் ஊருக்குள் பதினொரு தெரு ஏறிக்கொண்டிருந்தது, எங்கள் துண்டுக்குள் அது ஒன்றரைக்கு இறங்கி வந்துவிட்டது.

நான் கையை உருவிக்கொண்டேன். துண்டு மேஜையில் விழுந்தது.

"பதினொண்ணு" என்றேன். வாயால்.

கடைக்காரர் சிரித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "மொகுதூமு, நாங்க என்ன டூரிஸ்டா?" என்றார் ஒருவர். சரிதான். வாயால் சொன்ன விலை வெளியூர்க்காரனுக்கு. ஐம்பது வருடப் பழக்கத்தை என் ஒரு சொல் என்ன செய்யும்?

எங்கள் ஊரில் ஒன்றை நம்ப வைக்க ஒரே வழிதான் இருக்கிறது. சொல்கிறவனுக்கு அதனால் நஷ்டம் வர வேண்டும்.

"போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி ஜும்ஆவுக்கு நான் வரல்ல" என்றேன்.

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"நீங்கள்லாம் பள்ளியில இருக்கும்போது நான் கப்பல்பாறைல உளியோட நின்னேன். லாத்தாவுக்கு வீடு கிடைக்கணும்னு பதினேழு சிலந்திய வாளியில எடுத்துட்டு வந்து அவ படியில வச்சேன். கள்ளத்தனம்தான். வாரியத்துல யாராவது கேட்டா இதையேதான் சொல்லுவேன். ருகையாவும் பாத்தா, அவளக் கேளுங்க."

மாமு நெய்னா காக்காவின் கையில் டீ பாதியில் நின்றது. சம்பந்தம் பேசுகிற இடத்தில், பெண்ணின் மாமன் தன் வாயால் இப்படி ஒன்றைச் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். நானும் கேட்டதில்லை.

"காலையில எண்ணுனப்ப நாப்பத்தொண்ணு இருந்துச்சு காக்கா."

"நீ வச்சது?"

"பதினேழு."

அவர் வாய்க்குள் கழித்துப் பார்த்தார். "அப்ப இருபத்துநாலு யாரு வச்சது?"

"யாரும் வைக்கல. அதுகளா வந்துச்சு. நான் வச்சது திரும்பிப் போயிருக்கணும். போகல. பதினோராந் தெரு ஓடைப் பாலத்துக்கு அடியில போய்க் குனிஞ்சு பாருங்க, ஒத்த நூல் ஒண்ணு கட்டியிருக்கு. தொட்டுப் பாருங்க. நான் சொன்னத நம்ப வேணாம்."

"கடைசியா என்ன?" என்றார் ஒருவர் பின்னாலிருந்து. படிந்து வருகிற விலை எவ்வளவு என்று கேட்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அப்படித்தான் எங்களுக்குக் கேட்கத் தெரியும்.

"இது விலை இல்ல மச்சான். அளவு."

மாமு நெய்னா காக்கா எழுந்து வெளியே போனார். பதினோராம் தெரு, பள்ளிவாசல் முனையிலிருந்து பத்து நிமிட நடை. நாங்கள் ஐந்து பேரும் அவரவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் அடுப்பை அணைத்தார். பிறகு எதற்கு அணைத்தோம் என்று யோசித்து மறுபடி மூட்டினார்.

அரைமணி கழித்துத் திரும்பி வந்தார். முழங்காலில் சேறு. வலதுகைச் சுட்டுவிரலை மற்ற விரல்களிலிருந்து தனியாக, எதிலும் படாமல் வைத்திருந்தார். ஆறிப்போன டீயை அவர் தொடவில்லை. மேஜையில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். என் கைமேல் போடப் போகிறார் என்று நினைத்து நான் கையை நீட்டினேன். அவர் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தண்டவாளத்துக்கு அப்பால இன்னும் எத்தனை மனை இருக்கு?" என்று கேட்டார், வாயாலேயே.